வாட்ச் டாக்ஸ் மூணு பாகமும் வருஷக்கணக்கா ஆடினப்புறம்: அந்த சிட்டி கேமரா ஹேக்கெல்லாம் எவ்வளவு நிஜம்?

போன வெச்சு ஊரையே ஹேக் பண்ற வீடியோ கேம் வாட்ச் டாக்ஸ், முதல் பாகம் 2014ல வந்தப்ப ஆரம்பிச்சது, அப்புறம் 2016ல ரெண்டாவது, 2020ல லீஜன், மூணையும் முடிச்சாச்சு, கதை தீர்ந்தப்புறமும் சும்மா கேமரா விட்டு கேமரா தாவி ஊர் பாக்கறதுக்காகவே அழிக்காம வெச்சிருக்கேன். நடுவுல பொழப்பும் ஐபி கேமரா (நெட்வொர்க்ல ஓடற கேமரா), என்விஆர் (அதோட வீடியோவ பதிவு பண்ற பெட்டி)னு இந்தப் பக்கமே வந்துடுச்சு, அதனால கூட ஆடுறவங்க "இதெல்லாம் நிஜத்துல நடக்குமா"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. நடக்கும், ஆனா நீங்க நினைக்கிற இடத்துல இல்ல.

மொதல்ல எல்லாரும் கேக்கற சிக்னல் மேட்டர். முதல் பாகம் நடக்கற சிகாகோ ரோட்ல போலீஸ் துரத்துது, ஜங்ஷன் வருது, ஒரே பட்டன், நாலு பக்கமும் பச்சை, பின்னாடி வந்த காரெல்லாம் அப்பளம். இதுல பாதி உண்மை. கேம் வந்த அதே 2014லயே மிச்சிகன் யுனிவர்சிட்டி ஆளுங்க நிஜமான ஒரு சிக்னல் நெட்வொர்க்க முறையா அனுமதி வாங்கி சோதிச்சாங்க, கிட்டத்தட்ட 100 ஜங்ஷன், ரேடியோல போற டேட்டாவுக்கு என்கிரிப்ஷன் கிடையாது, பாஸ்வேர்ட் பாத்தா டப்பாவோட வந்த டீஃபால்ட். உள்ள போயிட்டாங்க, லைட்டயும் மாத்திட்டாங்க. ஆனா நாலு பக்கமும் பச்சை மட்டும் வரவைக்க முடியாது, ஏன்னா ஜங்ஷன் ஓரத்துல இருக்கிற சிக்னல் பெட்டிக்குள்ள தனியா ஒரு ஹார்ட்வேர் காவல் உக்காந்திருக்கு, மோதிக்கிற மாதிரி ரெண்டு பச்சை வந்துச்சுன்னா லைட்ட இயக்கற கண்ட்ரோலரையே ஓரங்கட்டிட்டு சிவப்பு பிளிங்க் மாதிரி ஒரு சேஃப் மோடுக்கு போயிடும். அதாவது டிராஃபிக்க நாறடிக்கலாம், கேம்ல வர்ற அந்த மோதல் சீன் கிடையாது. டிராம் கதை வேற, 2008ல போலந்து வூச் நகரத்துல 14 வயசு பையன் டிவி ரிமோட்ட மாத்தி செஞ்சு தண்டவாளத்த திருப்பி விட்டு நாலு டிராம் தடம் புரண்டுச்சு, 12 பேருக்கு அடி. அத கேம்ல வெச்சிருந்தா நாமளே "ஓவரா இருக்கு"ன்னு சொல்லியிருப்போம்.

இப்ப கேமரா. கேம்ல ஒரு கேமராவுல உக்காந்து அடுத்த கேமரா கண்ணுக்கு தெரிஞ்சாதான் தாவ முடியும். புதிர் மாதிரி ஆடறதுக்கு சூப்பர், நிஜத்துல இதுக்கு அர்த்தமே இல்ல, நெட்வொர்க்ல ஒண்ணா இருந்தா போதும், எதிர்ல தெரியணும்னு அவசியமில்ல. ஆனா அதே நேரம் பக்கத்து பக்கத்துல இருக்கிற ரெண்டு கேமரா பல நேரம் ஒரே நெட்வொர்க்ல இருக்காது, ஒண்ணு கடைக்காரரோடது, ஒண்ணு பேங்கோடது, ஒண்ணு போலீஸோடது, ஒண்ணு செத்தே ரொம்ப நாளாச்சு. எந்நேரமும் பளிச்சுன்னு ஓடற கேமராவ நான் கேம்லதான் பாத்திருக்கேன். நைட்ல கேமராவோட இன்ஃப்ராரெட் லைட் (கண்ணுக்கு தெரியாத வெளிச்சம்) எரியும், பக்கத்துல பூச்சி சுத்தும், பூச்சிய தேடி சிலந்தி வந்து லென்ஸ் மேலயே வலை கட்டும், படம் முழுக்க வெள்ளை நூல்தான் தெரியும். இத விட கொடுமை டைம், கேமராவோட கடிகாரத்த யாரும் செட் பண்ணியிருக்க மாட்டாங்க, ஒண்ணு ஏழு நிமிஷம் லேட்டு, இன்னொண்ணு வேற டைம் ஸோன்லயே ஓடும், ரெண்டு ஃபுட்டேஜையும் பக்கத்துல வெச்சு "இவன் இங்க இருந்து அங்க போனான்"னு சொல்றதுக்குள்ள தாவு தீர்ந்துடும்.

சிடிஓஎஸ்னு மொத்த ஊரையும் ஒரே சிஸ்டம் பாக்கற ஐடியாதான் கேமோட பெரிய கற்பனை. ஆனா "ஒரே சாவி, பல பூட்டு" நிஜத்துல இருக்கு. 2016ல மிராய்னு ஒரு வைரஸ் வந்துச்சே, 60 சொச்சம் டீஃபால்ட் யூசர்நேம் பாஸ்வேர்ட் ஜோடிய வெச்சுக்கிட்டு லட்சக்கணக்கான கேமரா, டிவிஆர் (ரெக்கார்டர்), ரவுட்டர்னு பிடிச்சு அக்டோபர்ல டின்ங்கற கம்பெனி (வெப்சைட் பேர வெச்சு அதோட முகவரிய கண்டுபிடிச்சு தர்ற டிஎன்எஸ் வேலை பாக்கறவங்க) மேல ஏவினாங்க, பெரிய பெரிய வெப்சைட்டெல்லாம் படுத்துடுச்சு. இதுல காமெடி என்னன்னா அந்த கேமரா என்ன பாக்குதுன்னு எவனுக்கும் கவலையே இல்ல. 2017 ஜனவரில வாஷிங்டன்ல அதிபர் பதவியேற்புக்கு ஒரு வாரம் முன்னாடி போலீஸ் கேமரா ரெக்கார்டர் 187ல 123 ரேன்சம்வேர்ல (பூட்டி வெச்சுக்கிட்டு காசு கேக்கற வைரஸ்) விழுந்துச்சு, அதுவும் உளவு பாக்க இல்ல, காசுக்கு. சிடிஓஎஸ்க்கு ஓரளவு கிட்ட வந்தது 2021ல வெர்காடாங்கற கேமரா கம்பெனி சமாச்சாரம்தான், ஒரு அட்மின் லாகின் மாட்டினதுல ஆஸ்பத்திரி, ஜெயில், ஃபேக்டரின்னு சுமார் 1,50,000 கேமரா திறந்துடுச்சு. ஹேக்கிங்னு பெருசா ஒண்ணும் இல்ல, லாகின்தான்.

கேம்ல போன்ல வர்ற ப்ரொஃபைலர் பத்தி பேசாம விட்டா எப்படி. ஆள் மேல போன நீட்டினா பேரு, வேலை, சம்பளம், ஒரு ரகசியம் எல்லாம் வந்துடும். இதுல எனக்கு உறுத்தறது ஸ்பீட் இல்ல, அது தப்பாவே காட்டாதுங்கறது. மேல தொங்கற கேமராவுக்கு தெரியறது பாதி நேரம் தலை உச்சியும் தொப்பியும்தான், அதுல முகத்த பொருத்தினா என்ன ஆகும்? டெட்ராய்ட்ல 2018ல நடந்த ஒரு கடை திருட்டுக்கு மங்கலான கேமரா படத்த மென்பொருள்ல போட்டு, சம்பந்தமே இல்லாத ஒருத்தர 2020 ஜனவரில வீட்டு வாசல்ல குடும்பத்துக்கு முன்னாடியே பிடிச்சுட்டு போனாங்க. கேம்ல தப்பான ஆள காட்டற ப்ரொஃபைலர் இருந்தா எவ்வளவு நல்ல மிஷன் எழுதலாம், மூணு பாகத்துலயும் அத ஒழுங்கா தொடல. ரெண்டாவது பாகம் நடக்கற சான் பிரான்சிஸ்கோ 2019 மே மாசம் அரசுத் துறைங்க முக அடையாளம் பயன்படுத்தறதயே தடை பண்ணிடுச்சு, லீஜன் நடக்கற லண்டன்ல அதே 2020ல போலீஸ் அத ரோட்டுக்கு கொண்டு வந்துடுச்சு. வேன் ஒண்ணு நிக்கும், மேல கேமரா, பக்கத்துல அறிவிப்பு போர்டு. டிரோன் கூட்டமெல்லாம் இல்ல.

எனக்கு பெரிய பொய்யா தோணறது இதெல்லாம் இல்லங்க, கேம் மேப்ல போலீஸ் தேடற இடத்த காட்டற அந்த மஞ்சள் வட்டம். போலீஸ் தேடுது, வட்டத்த விட்டு வெளிய வந்து சந்துக்குள்ள கொஞ்ச நேரம் நின்னா மொத்த ஊரும் உங்கள மறந்துடும். நிஜம் அப்படியே தலைகீழ். லைவ்ல ஒருத்தன பின்தொடர்றது ரொம்ப கஷ்டம், பாதி ஸ்கிரீன யாரும் பாக்கறதே இல்ல, ஆனா அப்புறமா உக்காந்து திருப்பி பாத்தா தப்பிக்கிறதுதான் கஷ்டம். இங்கிலாந்து சாலிஸ்பரில 2018 மார்ச்ல நடந்த விஷத் தாக்குதல எடுத்துக்குங்க, அன்னைக்கு எந்த கேமராவும் அலாரம் அடிக்கல, ஆளுங்க ஃபிளைட் ஏறி போயே போயிட்டாங்க, அப்புறம் போலீஸ் 11,000 மணி நேரத்துக்கு மேல ஃபுட்டேஜ அலசி செப்டம்பர்ல படத்தோட வெளியிட்டுச்சு, ஸ்டேஷன் கேட்ல வந்தது, தெருவுல நடந்தது, ஏர்போர்ட்ல வெளிய போனது எல்லாம் நேரத்தோட. நம்பர் பிளேட் ரீடரும் போன் டவர் பதிவும் இதே ரகம்தான், எதுவும் துரத்தாது, சேத்து வெச்சுக்கும். அத கேமாக்கினா போரடிக்கும்னு விட்டிருப்பாங்க போல, ஒருத்தன் ஆறு மாசம் கழிச்சு கதவ தட்டற கேம யாரு வாங்குவா.

அந்த வகைல லீஜன்தான் கொஞ்சம் கிட்ட வருது. டீப் ப்ரொஃபைலர் வாங்கினா ஒருத்தர் காலைல எங்க, சாயங்காலம் எங்க, யார பாக்கறாருன்னு டைம்டேபிளே வரும், ஒருத்தர நீங்க அடிச்சா அவரோட சொந்தக்காரங்க உங்க மேல கோவமாவே இருப்பாங்க. முதல் பாகத்துல ஆள விட்டு தூரமா போயிட்டு திரும்பி வந்தா அந்த ஆளே இருக்க மாட்டாரு, டேட்டாவ அப்பப்ப உருட்டி போடுது. ஆனா லீஜன் கதை சுமார், யார வேணா சேத்துக்கலாம்னதால யார் மேலயும் ஒட்டுதல் வரல.

புதுசா ஆடறவங்க ரெண்டாவது பாகத்துல ஆரம்பிங்க, ஹேக் பண்ண நிறைய வழி, சண்டையே போடாம டிரோனும் குட்டி ரோபோவும் அனுப்பியே பல மிஷன முடிக்கலாம். முதல் பாகம் சேல்ல வந்தா எடுங்க, கார் ஓட்டறது மட்டும் கடுப்பேத்தும், சொல்லிட்டேன்.