விவாகரத்து சமயத்தில் யாரிடம் போவது? கோச்சையும் மற்றவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்

சில வருடங்களாக நம் ஊரிலும் 'டிவோர்ஸ் கோச்' என்று சொல்லிக்கொள்பவர்களைப் பார்க்க முடிகிறது. விவாகரத்து சமயத்தில் காசு வாங்கிக்கொண்டு கூட இருந்து வழிகாட்டுபவர்கள். பெரும்பாலும் வீடியோ காலில் பேசுகிறார்கள். ஒரு அமர்வுக்கு இவ்வளவு, மொத்தமாகச் சேர்ந்தால் இவ்வளவு என்று கட்டணம். குடும்பப் பெரியவர்கள், கோர்ட் கவுன்சிலர், சமரச மையம், வக்கீல், மனநல ஆலோசகர் என ஏற்கெனவே ஐந்து பேர் இருக்க, ஆறாவதாக இவர் எதற்கு என்று கேட்பது நியாயம்தான். ஒவ்வொருவரிடமும் இரண்டு விஷயத்தைப் பார்த்தால் போதும் என்பது என் எண்ணம். இவர் யாருக்காக வேலை செய்கிறார்? இவரிடம் சொன்னது எங்கே போய்ச் சேரும்?

அதற்கு முன்னால் ஒன்று. வீட்டில் அடி, உதை, மிரட்டல் இருக்கிறதென்றால் இந்த ஒப்பீடே வேண்டாம். கோச்சும் வேண்டாம், சமரசமும் வேண்டாம். பெண்கள் உதவி எண் 181க்குப் பேசலாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் மூலமாக நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். வீடு கணவர் பெயரிலேயே இருந்தாலும், குடியிருந்த வீட்டில் தொடர்ந்து இருக்க அந்தச் சட்டம் உரிமை தருகிறது. முதலில் உயிர், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

பெரியவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நகை, சீர், கைமாற்றுக் கணக்கைப் பேசி முடிக்க அவர்களைப் போல ஆள் கிடையாது. ஆனால் எப்படியாவது சேர்த்து வைத்துவிட வேண்டும் என்றுதான் உட்காருவார்கள். சொன்னதெல்லாம் அடுத்த கல்யாண வீட்டில் பேச்சாகிவிடும்.

குடும்ப நீதிமன்றக் கவுன்சிலர் அப்படியல்ல. காசு வாங்குவதில்லை, பழகிய ஆளும் இல்லை. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், வழக்கை நடத்துவதற்கு முன் இணக்கமாகத் தீர்க்க முடியுமா என்று பார்ப்பதை நீதிமன்றத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. அதற்காகத்தான் கவுன்சிலிங்குக்கு அனுப்புகிறார்கள். இன்னும் மனசு ஊசலாடுகிறவர்களுக்கு இது நல்ல இடம். கோபத்தில் பெட்டிஷன் போட்டுவிட்டு, உள்ளுக்குள் திரும்பிப் போக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். முடிவெடுத்துவிட்டவர்களுக்கோ, 'குழந்தைக்காகவாவது யோசிச்சுப் பாருங்களேன்' என்பதை வாய்தாவுக்கு வாய்தா கேட்பது பெரிய சோர்வு.

இங்கே இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்கில் கவுன்சிலரின் அறிக்கையை ரகசியம் என்று சொல்லி நீதிமன்றத்தின் பார்வையிலிருந்து விலக்கி வைக்க முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் அங்கே மனம்விட்டுப் பேசுங்கள், ஆனால் யோசித்துப் பேசுங்கள்.

சமரச மையம் என்னைக் கேட்டால் நாம் குறைவாகப் பயன்படுத்தும் நல்ல வசதி. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் என்பதே இந்தியாவில் முதலில் 2005இல் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது. இன்று மாவட்டங்களிலும் இருக்கிறது. சமரசகர் இருவருக்கும் பொது ஆள். அங்கே பேசியது ரகசியம், அதை அப்புறம் வழக்கில் எடுத்துக் காட்டக் கூடாது என்பது சமரசத்தின் அடிப்படை விதி. குழந்தை சம்பந்தமாக மட்டும் நான் மேலே சொன்ன எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும். சமரசகரால் முடியாதது ஒன்றுதான்: 'உனக்கு இது நல்லது, இதைக் கேள்' என்று ஒரு பக்கத்துக்கு மட்டும் சொல்ல அவரால் முடியாது. நிறைய பேர் என்ன வேண்டும் என்று தெரியாமலே அங்கே போய் உட்காருகிறார்கள். தீபாவளி யாரிடம், பொங்கல் யாரிடம், கோடை விடுமுறையில் எத்தனை நாள், ஸ்கூல் ஃபீஸும் வேன் காசும் யார் கட்டுவது, பாஸ்போர்ட்டுக்கு யார் கையெழுத்து, தாத்தா பாட்டி எப்போது பார்க்கலாம், வீட்டுக் கடன் தவணை யார் தலையில். இதையெல்லாம் அந்த மேஜையில் உட்கார்ந்த பிறகு யோசிக்க ஆரம்பித்தால், யார் சத்தமாகப் பேசுகிறாரோ அவர் சொன்னதுதான் ஒப்பந்தமாகும்.

கோச்சுக்கு உண்மையான வேலை இந்த இடத்தில்தான் இருக்கிறது. அவர் உங்களுக்காக மட்டும் உட்காருபவர். சேர்த்து வைக்கவும் மாட்டார், பிரித்து வைக்கவும் மாட்டார். நல்ல கோச்சாக இருந்தால் அப்படித்தான் இருக்க வேண்டும். சமரசத்துக்கு முன் பட்டியல் போட வைப்பார். ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் வருமானம், சொத்து, செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, பேங்க் ஸ்டேட்மென்ட்டும் சம்பளச் சீட்டும் வருமான வரிக் கணக்கும் சேர்ப்பதே பெரிய வேலை. அழுதுகொண்டே இதையெல்லாம் தேட முடியாது. பக்கத்தில் ஒருவர் இருந்தால் முடியும்.

இரவு பதினோரு மணிக்கு எதிர்த்தரப்பிலிருந்து வரும் வாட்ஸ்அப் மெசேஜுக்கு என்ன பதில் போடுவது, போடாமலே இருப்பதா என்பதும் அவரோடு பேச வேண்டியதுதான். கணவன் மனைவி பேச்சை ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் விவாகரத்து வழக்கில் அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆத்திரத்தில் சொன்ன ஒரு வார்த்தையும் கோர்ட் வரை வரும்.

கோச் வைத்தால் வக்கீல் செலவு மிச்சம் என்று விளம்பரம் செய்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அது அமெரிக்காவிலிருந்து வந்த கணக்கு. 1990இல் மினியாபொலிஸ் வக்கீல் ஸ்டூ வெப் தொடங்கிய, கோர்ட்டுக்குப் போகாமல் பேசி முடிக்கும் முறையை ஒட்டி அங்கே கோச்சிங் வளர்ந்தது. அங்கே வக்கீல்கள் மணிக்கணக்கில் பில் போடுவார்கள். ஒரு மணி நேரம் வக்கீலிடம் அழுவதைவிடக் கோச்சிடம் அழுவது மலிவு. நம் ஊர் வக்கீல்கள் பெரும்பாலும் கேஸுக்கு இவ்வளவு, கட்டத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். இங்கே பிரச்சினை அவர்களுக்கு நேரம் இல்லாததுதான். கோர்ட் வராண்டாவில் ஐந்து நிமிடம் பேசிவிட்டு அடுத்த ஹாலுக்கு ஓடுவார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் எதைக் கேட்பது என்று தயார் செய்து அனுப்ப ஒருவர் இருந்தால் நல்லதுதான். ஆனால் வக்கீலுக்குப் பதிலாக அவரை வைக்க முடியாது. வக்கீலுக்கு வசதி இல்லாத பெண்கள் கோச்சுக்குக் கொடுக்கும் பணத்தை முதலில் கையிலேயே வைத்துக்கொள்ளட்டும். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணில் கேட்கலாம்.

வக்கீலிடம் சொன்னதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. கோச்சிடம் சொன்னதற்கு அப்படி ஒன்றும் இல்லை. அவருக்கு அனுப்பிய மெசேஜ் எதிர்த்தரப்பின் கைக்குப் போனால் தடுக்க வழி கிடையாது. இந்தியாவில் கோச் ஆக உரிமமும் தேவையில்லை, பதிவும் தேவையில்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் கேட்டுச் சரிபார்க்கலாம். தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், செத்துவிடலாமா என்று தோன்றும் நிலையில் கோச்சிடம் போவது ஆபத்து. அப்போது மனநல மருத்துவரோ ஆலோசகரோதான் வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் எந்த நேரத்திலும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

அப்படியானால் யார் கோச்சுக்குப் பணம் கொடுக்கலாம்? பரஸ்பர சம்மதத்தில் மனு போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குக் காத்திருப்பவர்கள். சட்டம் சொல்லும் அந்த ஆறு மாத இடைவெளியைத் தகுந்த காரணம் இருந்தால் தள்ளுபடி செய்யலாம் என்று 2017லேயே தீர்ப்பு வந்தாலும், பலர் காத்திருக்கத்தான் செய்கிறார்கள். வக்கீலுக்கு அப்போது பெரிதாக வேலை இல்லை, கவுன்சிலிங்கும் முடிந்திருக்கும். தனி வீடு, தனி பேங்க் கணக்கு, இன்ஷூரன்ஸில் நாமினி மாற்றுவது, ஸ்கூலில் சொல்வது, பிள்ளையிடம் சொல்வது என்று வாழ்க்கை முழுக்க அந்த மாதங்களில்தான் மாறுகிறது. அப்போது ஒரு நிதானமான ஆள் கூட இருப்பது பெரிய பலம்.

பணம் கட்டுவதற்கு முன் அவரிடம் நேராகக் கேளுங்கள்: முன்பு உளவியலோ சட்டமோ சமூகப் பணியோ படித்தவரா? எந்தக் கட்டத்தில் 'இது என் வேலை இல்லை, டாக்டரிடம் போங்கள்' என்று சொல்வார்? குறிப்பு எழுதி வைப்பாரா, அதை யார் பார்ப்பார்கள்? பாதியில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்ப வருமா? உங்கள் வாழ்க்கைத் துணையை ஒரு தடவைகூடப் பார்க்காமலே அவர் இன்ன மனநோயாளி என்று முதல் அமர்விலேயே முத்திரை குத்துகிறவராக இருந்தால், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.