வாரத்துக்கு ஒரு இட்லியா, ஒரேயடியாகத் தட்டு நிறையவா? நீண்ட டயட்டுக்குப் பிறகு மூன்று வழிகள்

மே மாதக் கடலூர் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கரண்ட் போன ஒரு ராத்திரி மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவே வாசலுக்கு வந்து விசிறிக்கொண்டிருக்க, நான் மட்டும் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். விரல் நுனியெல்லாம் சில்லிட்டிருந்தது. பக்கத்து வீட்டு அத்தை நெற்றியைத் தொட்டுப் பார்த்து "காய்ச்சல் இல்லையேம்மா" என்றார். காய்ச்சல் இல்லைதான். இரண்டு வருஷமாக நாளைக்கு 1200 கலோரி என்று ஓட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தைராய்டும் இல்லை, ரத்தசோகையும் இல்லை. (குளிர், அசதி, முடி கொட்டுவது என்று இருந்தால் நீங்களும் முதலில் அதைப் பாருங்கள், எல்லாப் பழியையும் டயட் தலையில் போடாதீர்கள்.) சரி, இனிமேல் கூட்டித்தான் சாப்பிட வேண்டும் என்று முடிவானது. எப்படிக் கூட்டுவது என்பதில்தான் ஆளுக்கொரு வழி. ஜிம்மில் சொன்ன ரிவர்ஸ் டயட்டை நான் பிடித்துக்கொண்டேன்: நாள் சாப்பாட்டில் வாரத்துக்கு 50 கலோரி மட்டும் கூட்டிக்கொண்டே போவது. என்னைப் போலவே டயட்டில் இருந்த தம்பி, ஒரு திங்கட்கிழமை எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராக முழு அளவுக்குப் போனான். முத்தியால்பேட்டையில் இருக்கும் என் தோழி கணக்கையே தூக்கிப் போட்டுவிட்டுப் பசித்தபோதெல்லாம் சாப்பிட்டாள்.

முதலில் "மெட்டபாலிசம் செத்துப்போச்சு" என்கிற பேச்சு. மெட்டபாலிசம் என்பது உடம்பு கலோரி செலவழிக்கிற வேகம், அது சாகவில்லை. எடை குறைந்த உடம்புக்குச் செலவு எப்படியும் குறைவு. அதற்கும் மேலே உடம்பு கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறது: கொழுப்பு குறையக் குறைய பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோன் விழுகிறது, தைராய்டின் டி3 ஹார்மோன் இறங்குகிறது, நமக்கே தெரியாமல் நடமாட்டம் சுருங்குகிறது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சாயங்காலம் வண்டிகளை நிறுத்தியதும் காந்தி சிலையிலிருந்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தவள், கடைசி ஆறு மாதமாக வந்ததும் உட்கார இடம் தேடினேன். சோம்பேறித்தனம் என்று என்னையே திட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசி ஏழு மாதம் என் எடை அசையவே இல்லை. அப்படியென்றால் நான் எழுதி வைத்த 1200 பொய். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, அடுப்படியில் நின்றபடியே வாயில் போட்ட முந்திரி, இதெல்லாம் போனில் கலோரி எழுதும் ஆப்பில் ஏறவில்லை. உடம்பு கணக்கில் எடுத்துக்கொண்டது.

இப்போது என் வழி. 50 கலோரி என்றால் ஏறக்குறைய ஒரு சின்ன இட்லி. சமையலறைத் தராசில் இட்லியை வைத்து, 41 கிராம் காட்டினால் ஓரத்தைக் கிள்ளி எடுத்து 39 ஆக்குவேன். அம்மா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். "நகைக்கடையில கூட இவ்ளோ பார்க்க மாட்டாங்கடி" என்றார். அதே தட்டில் பொடிக்கு நல்லெண்ணெய் ஊற்றியது கண் மதிப்பில். ஒரு பெரிய ஸ்பூன் எண்ணெய் 120 கலோரி, அதாவது இரண்டு வாரத்துக்கு மேலான என் "முன்னேற்றம்" ஒரே சாய்ப்பில் போய்விடும். நம் வீட்டுச் சமையலில் 50 கலோரியைப் பிடிப்பது கொசு வலையில் நெத்திலிக் குஞ்சு பிடிக்கிற மாதிரி. மாட்டவும் செய்யலாம், கிழியவும் செய்யலாம்.

அதைவிடப் பெரிய குறை வேறு. நிஜமாகவே 1200 சாப்பிடுகிற ஒருவருக்குச் செலவு 1700 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 50 ஏற்றினால் அங்கே போய்ச் சேர பத்து வாரம். அந்தப் பத்து வாரமும் பற்றாக்குறையில்தான் ஓடுகிறது, கூட்டிப் பார்த்தால் 15,000 கலோரிக்கு மேல், கிட்டத்தட்ட இரண்டு கிலோ கொழுப்பின் கணக்கு. "சாப்பாட்டை ஏற்றியும் எடை ஏறலையே, மெட்டபாலிசம் வேகமாயிடுச்சு" என்று சந்தோஷப்படுபவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். டயட் முடியவில்லை, பெயர் மட்டும் மாறியிருக்கிறது. மெதுவாக ஏற்றினால்தான் மெட்டபாலிசம் சரியாகும் என்று காட்டுகிற உறுதியான ஆதாரமும் கிடையாது.

எதிர்ப்பக்கம் ஒரு பழைய ஆதாரம் உண்டு. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆராய்ச்சியாளர், போருக்குப் போக மறுத்த 36 ஆண்களை வைத்துப் பட்டினிச் சோதனை தொடங்கினார். 24 வாரம் அரை வயிற்றுச் சாப்பாடு, உடல் எடையில் நாலில் ஒரு பங்கு போனது. பிறகு அவர்களை நாலு குழுவாகப் பிரித்து, பட்டினிக் கால அளவுக்கு மேல் 400, 800, 1200, 1600 கலோரி என்று வெவ்வேறு அளவில் கூட்டிக் கொடுத்தார். குறைவாகக் கூட்டிய குழு தேறவே திணறியது, கடைசியில் எல்லோருக்கும் இன்னும் ஏற்ற வேண்டியிருந்தது. எலும்பும் தோலுமாக இருந்த அவர்களும் நானும் ஒன்றில்லை. ஆனாலும் சொட்டுச் சொட்டாக ஊற்றினால் உடம்பு சீக்கிரம் திரும்பும் என்பதற்கு அங்கே எந்த அடையாளமும் தெரியவில்லை.

தம்பி செய்தது மெயின்டெனன்ஸ், அதாவது எடை ஏறாமல் இறங்காமல் நிற்கிற அளவுக்குச் சாப்பிடுவது. காலையில் நாலு இட்லி, மதியம் சோறு, சங்கரா மீன் குழம்பு, ராத்திரி சப்பாத்தி முட்டை. முதல் வாரமே எடை 1.8 கிலோ ஏறியது. பயந்துபோய் போன் பண்ணினான், "அக்கா, எல்லாம் போச்சு". போகவில்லை. காலியாகக் கிடந்த கிளைகோஜன் (தசையிலும் ஈரலிலும் உடம்பு சேர்த்து வைக்கும் மாவுச்சத்து) நிரம்பும்போது ஒரு கிராமுக்கு மூன்று கிராம் போலத் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும், உப்பும் குடலில் இருக்கிற சாப்பாடும் சேர்ந்துகொள்ளும். மூன்றாவது வாரம் முள் நின்றது. அந்த முதல் வாரத்தைத் தாங்குவதுதான் இந்த வழியின் விலை. நிறையப் பேர் அங்கேயே அலறிப்போய் 1200க்கு ஓடிவிடுகிறார்கள்.

எந்த எண்ணுக்குப் போவது என்பது அடுத்த கேள்வி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரையில், உட்கார்ந்து வேலை பார்க்கும் 55 கிலோ பெண்ணுக்கு 1660 கலோரி, 65 கிலோ ஆணுக்கு 2110. நெடுநாள் டயட்டில் இருந்தவர்கள் அதில் கொஞ்சம் கீழே தொடங்கி, மூன்று வாரம் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். கூட்டுவதில் புரதத்துக்குப் பங்கு கொடுங்கள், எடை தூக்குங்கள், மத்தி விலை குறைவாகக் கிடைக்கும்போது விடாதீர்கள்.

தோழியின் வழியை எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். அவளுக்கு 43 கிலோ, ஐந்து மாதமாக மாதவிடாய் நின்றிருந்தது, தாராளமாகச் சாப்பிடச் சொன்னதே மருத்துவர்தான். பண்ருட்டி பலாச்சுளையைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு எண்ணாமல் தின்றாள். ஆறு கிலோ ஏறியது, நாலாம் மாதம் மாதவிடாய் வந்தது. அவளுக்கு அது சரி. எனக்கு அந்த ஆறு கிலோ தேவையே இல்லை. மின்னசோட்டாவிலும் கட்டுப்பாட்டை நீக்கியதும் அடங்காமல் தின்றவர்கள் உண்டு, சிலருக்குத் தசை திரும்பும் முன்பே கொழுப்பு பழைய அளவைத் தாண்டியது. ரொம்பவே மெலிந்தவர்களும் பல நாள் சாப்பிடாமல் கிடந்தவர்களும் வீட்டிலேயே திடீரென்று அள்ளிச் சாப்பிடுவது ஆபத்து, ரத்தத்தில் பாஸ்பேட் என்கிற உப்பு சரிந்து உயிரே போகலாம். அது மருத்துவர் பார்வையில் நடக்க வேண்டியது.

முழுசாகத் திரும்புமா என்றால், எல்லோருக்கும் இல்லை. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் ஏகமாக இளைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்து அமெரிக்க ஆராய்ச்சியாளர் கெவின் ஹால் குழு அளந்து 2016ல் வெளியிட்டது. பெரும்பகுதி எடை திரும்ப வந்த பிறகும் அவர்கள் உடம்பு எதிர்பார்த்ததைவிட நாளுக்கு சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்தது. அது அதீத உதாரணம்தான். ஆனால் எட்டே வாரத்தில் மெட்டபாலிசத்தைப் பழையபடி ஆக்கித் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

ஆக என் ஓட்டு தம்பிக்கு. எண் ஏறுவதைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கும் ஆளாக இருந்தால், மெதுவாகவே போங்கள், ஆனால் 50 வேண்டாம், வாரத்துக்கு 150 அல்லது 200, மூன்று நாலு வாரத்தில் முடித்துவிடுங்கள். நான் ஐந்தாவது வாரத்தில் இட்லி கிள்ளுவதை விட்டேன். 56 கிலோவாக இருந்த எடை இப்போது 57.5. முடி இன்னும் கொஞ்சம் கொட்டுகிறது. கார்த்திகை மழையில் மட்டும்தான் குளிர்ந்தது, அது ஊருக்கே குளிர்ந்தது. தராசை அம்மா எடுத்துக்கொண்டார், வாசலுக்கு வரும் முந்திரிக்காரரிடம் கால் கிலோ சரியாக இருக்கிறதா என்று பார்க்க.