காதர்பேட்டையில் கிடைத்த ஃபெலிக்ஸ் பூனை டி-ஷர்ட்: வெள்ளையா, மஞ்சளா?

திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதாவது ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு, விற்கும் கடைகளில் மிக்கி மவுஸும் ஸ்பைடர்மேனும் குவியலாகக் கிடக்கும். பழைய கார்ட்டூன் படங்களில் வந்த ஃபெலிக்ஸ் பூனை கண்ணில் படுவது அபூர்வம். அதனால் ஒரு சின்னக் கடையில் ஃபெலிக்ஸ் போட்ட ரவுண்ட் நெக் பனியன் இரண்டு மாடலில் தொங்குவதைப் பார்த்ததும் இரண்டையும் எடுத்துவிட்டேன். ஒன்று 220 ரூபாய். லேபிள் வெட்டிய சரக்கு.

வெள்ளையைத்தான் வாங்கச் சொல்வேன், அதற்குக் காரணம் துணி மட்டும் இல்லை.

ஃபெலிக்ஸ் 1919-இல் வந்த பூனை, மிக்கிக்கு ஒன்பது வருஷம் மூத்தது. நியூயார்க்கில் பாட் சல்லிவன் நடத்திய ஸ்டுடியோவில் பிறந்தது. முதல் படத்தில் பெயர் மாஸ்டர் டாம், அதே வருஷம் டிசம்பரில் வந்த மூன்றாவது படத்தில்தான் ஃபெலிக்ஸ் ஆனது. உடம்பு முழுக்க ஏன் கறுப்பு என்றால், நிறையக் கோடு இழுத்துக்கொண்டிருக்காமல் மையை நிரப்பிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும், திரையில் அசையும்போதும் எடுப்பாகத் தெரியும். பேச்சில்லாத படம் என்பதால் எல்லாவற்றையும் அந்தக் கறுப்பு உருவத்தின் அசைவே சொல்லியாக வேண்டும். ஏதாவது சிக்கல் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, அங்கேயும் இங்கேயும் நடந்து யோசிக்கும். வால் கேள்விக்குறியாக வளையும். தேவைப்பட்டால் அந்த வாலையே கழற்றி வேறு பொருளாகப் பயன்படுத்திக்கொள்ளும்.

வெள்ளை பனியனை டிசைன் பண்ணியவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறது. முன்பக்கம் அந்த யோசனை நடை, பின்பக்கம் கழுத்துக்குக் கீழே கேள்விக்குறி வால் மட்டும். ஒரே கலர், ஒரே ஸ்க்ரீன். கண்ணுக்கும் முகத்துக்கும் வெள்ளை மை போடவில்லை, துணியின் வெள்ளையையே விட்டிருக்கிறார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் வாழ்ந்த பூனைக்கு இதைவிடப் பொருத்தமாகச் செய்ய முடியாது. 1928-இல் அமெரிக்காவின் ஆர்சிஏ ரேடியோ கம்பெனிக்காரர்கள் டெலிவிஷன் சோதனைக்கு ஃபெலிக்ஸ் பொம்மையைச் சுழலும் தட்டில் வைத்து கேமரா முன்னால் நிறுத்தியதும் இந்தக் கறுப்பு வெள்ளை எடுப்புக்காகத்தான், வெறும் 60 வரியில் வந்த படத்திலும் அது ஃபெலிக்ஸ் என்று தெரிந்தது!

இனி பிரிண்ட். இவ்வளவு பெரிய கறுப்பை ரப்பர் பிரிண்டில், அதாவது துணிமேல் தடிப்பாகப் படியும் மையில், அடித்தால் நெஞ்சில் அட்டை ஒட்டின மாதிரி இருக்கும், நம்ம ஊர் சித்திரை வெயிலில் காற்றே புகாது. வெள்ளையில் அடித்திருப்பது மெல்லிசாகப் படியும் பிக்மென்ட் பிரிண்ட், தடவிப் பார்த்தால் துணிதான் கைக்குத் தெரிகிறது. பல முறை துவைத்ததில் கறுப்பு லேசாகச் சாம்பல் பூத்திருக்கிறது. பிக்மென்டில் அது வரத்தான் செய்யும், எனக்கு அது உறுத்தவில்லை. துணி 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) சிங்கிள் ஜெர்சி, டி-ஷர்ட்டுக்கு வழக்கமாகப் போடும் பின்னல் துணி, என்று கடையில் சொன்னார்கள், கையில் எடுத்தால் நம்பும்படி இருக்கிறது. கழுத்து ரிப் தளரவில்லை, தோளில் டேப் வைத்துத் தைத்திருக்கிறார்கள், பக்கத் தையலும் முறுக்கிக்கொண்டு முன்னால் வரவில்லை.

மஞ்சள் வேறு கதை. அதில் இருப்பது மந்திரப் பை வைத்திருக்கும் ஃபெலிக்ஸ், 1950-களின் கடைசியில் டிவிக்காக ஜோ ஓரியோலோ மாற்றி அமைத்தது. அந்தப் பூனையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது பிடிக்கும், அதில் தப்பில்லை. ஆனால் பிரிண்ட் மோசம். கலர் துணி என்பதால் அடியில் வெள்ளை கோட், அதன்மேல் கறுப்பு, எல்லாம் ரப்பர், மையைச் சூட்டில் இறுக வைக்கும் கியூரிங்கும் சரியாக ஆகவில்லை. இரண்டு விரலால் இழுத்தாலே விரிசல் தெரிகிறது, பையின் ஓரம் உரிய ஆரம்பித்துவிட்டது. வாங்கும்போது கடையிலேயே பிரிண்டை மெதுவாக இழுத்துப் பாருங்க, வெடித்தால் வைத்துவிடுங்க.

வெள்ளையிலும் ஒரு குறை உண்டு. பூனையின் காலடியில் பாட் சல்லிவன் பெயரைப் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்தக் காலப் படங்களிலும் அவர் பெயர்தான் வந்தது. உட்கார்ந்து வரைந்து உயிர் கொடுத்தவர் ஓட்டோ மெஸ்மர் என்றுதான் பெரும்பாலான அனிமேஷன் வரலாற்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், சல்லிவன்தான் என்று ஆஸ்திரேலியாவில் வாதாடுகிறவர்களும் உண்டு. சல்லிவன் 1933-இல் இறந்த பிறகும் பல வருஷம் மெஸ்மர் பெயர் வெளியே தெரியவில்லை. 1983 வரை இருந்த மனுஷன். பனியன் தைக்கிறவர் பெயர் லேபிளில் ஏறாத ஊரில் இருந்துகொண்டு இதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்கவில்லை, பக்கத்தில் அவர் பெயரையும் சேர்த்திருக்கலாம்.

சைஸ் விஷயம்: அமெரிக்க அளவு, நம்ம அளவைவிடப் பெரிசு. எல் போடுகிறவர்கள் எம் எடுங்க. குழந்தைகள் சைஸில் இப்போதைக்கு மஞ்சள் மட்டும்தான் இருக்கிறது, வெள்ளை அடுத்த லாட்டில் வந்தால் சொல்வதாகக் கடைக்கார அண்ணா சொல்லியிருக்கிறார்.