50 பைசா அஞ்சலட்டை: ஓர் ஆசிரியையின் மதிப்பீடு

அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறேன். கடிதப் பாடம் என்றாலே, இல்லாத நண்பனுக்கு இல்லாத பரிசுக்காக வாழ்த்து எழுதி மதிப்பெண் வாங்குவதோடு முடிந்துவிடும். இந்த ஆண்டு நிஜமான அஞ்சலட்டைகளை வாங்கி, "உனக்குத் துணையாக நின்ற ஒருவருக்கு நன்றி எழுது" என்றேன். 32 பிள்ளைகளுக்கு 16 ரூபாய்தான் செலவு.

பலரும் முதலில் அப்துல் கலாம் பெயரைத்தான் சொன்னார்கள். மேடைப் பேச்சில் கேட்டுப் பழகிய விடை அது. அட்டையோ முகவரி கேட்கிறது. தபால்காரர் கொண்டுபோய்க் கையில் கொடுக்கக்கூடிய ஆள் வேண்டும். "இன்று நீ சாப்பிட்டு, சீருடை போட்டு, நேரத்துக்கு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாயே, அதற்கு யார் யார் காரணம்?" என்று கேட்டேன். அதன் பிறகுதான் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்: ஓடி வருகிறவர்களைப் பார்த்துப் பேருந்தை நிறுத்தச் சொல்லும் நடத்துநர், கணக்கு சொல்லித்தரும் பக்கத்து வீட்டு அண்ணன்.

இந்த அட்டையின் பெருஞ்சிறப்பு 'பெறுநர்' பகுதி. ஒரு மாணவி சத்துணவு ஆயாவுக்கு எழுத உட்கார்ந்தாள். முதல் வகுப்பிலிருந்து அவர் கையால் சாப்பிடுகிறவள். பெயர் தெரியவில்லை. வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. சமையற்கூடத்துக்குப் போய்க் கேட்டு, எழுத்துப்பிழை இல்லாமல் எழுதி வாங்கி வந்தாள். கடையில் விற்கும் பளபளப்பான நன்றி அட்டைகளையும் வகுப்பில் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். அவற்றில் வாசகத்தை வேறொருவர் முன்பே எழுதிவிடுகிறார்; பிள்ளை கையெழுத்து மட்டும் போடுகிறது. பெயரைத் தேடிப் போக வைத்தது இந்த வெறும் அட்டைதான்.

நடத்துநருக்கு எழுதியவன் வீட்டு முகவரிக்கு எங்கே போவான்? பேருந்தின் தடம் எண்ணையும் புறப்படும் நேரத்தையும் குறித்து, பணிமனைக் கிளை மேலாளர் வழியாக அனுப்பினோம்.

அளவு 14 செ.மீ.க்கு 9 செ.மீ. பத்து வரியில் நிறைந்துவிடும். ஒரு பக்கக் கட்டுரை என்றால் மிரளும் பிள்ளைக்கு இது தைரியம் தருகிறது. இடம் குறைவு என்பதால் 'தாங்கள் என்றென்றும்' போன்ற அலங்காரங்களை அடித்துவிட்டு, "மழை பெய்த அன்று எனக்குக் குடை கொடுத்தீர்கள்" என்று நேராக எழுதுகிறார்கள். அஞ்சல்தலை அட்டையிலேயே அச்சாகியிருப்பதால் தனியே ஒட்டும் வேலையும் இல்லை. பின்கோடுக்கான ஆறு கட்டங்களைச் சொல்லிக்கொடுத்தே நிரப்ப வையுங்கள். தமிழ்நாட்டுக்கு எண் 6-இல் தொடங்கும். இந்தியாவில் 1879-இல் காலணா விலையில் அறிமுகமானது இந்த அட்டை என்று சொன்னபோது, காலணா என்றால் எவ்வளவு என்ற கணக்கில் அரை வகுப்பு போனது. நல்ல அரை வகுப்பு.

பந்துமுனைப் பேனா கொடுங்கள். ஜெல் பேனா வேண்டாம். எல்லா அஞ்சலகங்களிலும் மொத்தமாக இருப்பு இருக்கும் என்று நம்பிப் போகாமல், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மூடி ஒட்ட முடியாது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். எழுதியதை வழியில் யாரும் படிக்கலாம். ஒரு மாணவன் எழுதாமல் அட்டையைக் கவிழ்த்து வைத்திருந்தான். குடிப்பழக்கத்திலிருந்து மீள அவன் அப்பாவைச் சிகிச்சைக்கு அழைத்துச் சென்ற மாமாவுக்கு எழுத நினைத்திருக்கிறான். அவனுக்கு 2.50 ரூபாய் உள்நாட்டுக் கடிதத்தாள் கொடுத்தேன். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினான். அஞ்சலட்டை வாங்கும்போதே இந்தத் தாளிலும் சிலவற்றைச் சேர்த்து வாங்குங்கள். கேட்கும் பிள்ளையிடம் காரணம் விசாரிக்காமல் கொடுங்கள்.