42 வெள்ளிக்கு அரசியலமைப்புச் சட்டம்: வாங்கலாமா?

மலேசியாவின் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் புதுப் பதிப்பு, அடிக்குறிப்புகளோடு, 42 வெள்ளி (ரிங்கிட்). வாங்கலாம். ஆனால் 2024 குடியுரிமைத் திருத்தம் வரும் பக்கங்களைப் பென்சிலும் கையுமாகப் படியுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் பினாங்கு ஜார்ஜ்டவுனில், லைட் ஸ்திரீட் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், வழக்கறிஞர் ஆபீசில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டு, பிறப்புப் பத்திரம், சிவப்பு ஐசி (நிரந்தரவாசிகளின் அடையாள அட்டை) என்று அலைகிறவர்களுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுக்கிறோம். அந்த மேசைக்குத்தான் இந்தப் புத்தகம். சட்டக் கல்லூரி மாணவர் வேறு மாதிரி மதிப்பிடலாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 183 ஷரத்துகள், 13 அட்டவணைகள், எல்லாம் கைப்பைக்குள் அடங்குகிறது. தையல் போட்ட முதுகு. மேசையில் விரித்து வைத்தால் மூடிக்கொள்ளாமல் படுத்துக் கிடக்கும். ஒரு கையால் பாரம் எழுதி, மறுகையால் வந்தவருக்குப் பக்கத்தைக் காட்டுகிறவளுக்கு இது பெரிய உபகாரம். தாள் மட்டும் மெலிசு.

இதன் உயிர் அடிக்குறிப்பில் இருக்கிறது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்த தேதி, அமலுக்கு வந்த தேதி இரண்டையும் தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள். சாதாரணப் பதிப்புகளில் இரண்டாவது தேதிதான் கிடைக்கும். முதல் தேதி கையில் இருந்தால் நாடாளுமன்ற இணையத்தளத்தில் அந்த நாளின் ஹன்சார்டை, அதாவது விவாதப் பதிவை, இறக்கி, யார் எழுந்து என்ன கேட்டார், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்று படித்துவிடலாம். காசு கிடையாது, 1959லிருந்து இருக்கிறது. மலாய் படிக்கத் தெரிய வேண்டும், பழையவற்றுக்கு ஆங்கிலமும்.

இரண்டு தேதிக்கும் நடுவில் என்ன நடக்கும் என்பதற்கு 119ஆம் ஷரத்தின் அடிக்குறிப்பைப் பாருங்கள். வாக்களிக்கும் வயதை 21லிருந்து 18க்கு இறக்கும் திருத்தம் 2019 ஜூலை 16ஆம் தேதி மக்களவையில் 211 ஓட்டோடு நிறைவேறியது. எதிர்த்து ஒரு கை இல்லை. அமலுக்கு வந்ததோ 2021 டிசம்பர் 15. தானாகவே வாக்காளராகப் பதியும் முறையும் அதே திருத்தத்தில் இருந்ததால், கீழே உள்ள விதிமுறைகளையும் வாக்காளர் பட்டியலையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது. கடைசியில் இளைஞர்கள் கோர்ட்டுக்குப் போய், கூச்சிங் உயர்நீதிமன்றம் கெடு வைத்த பிறகுதான் வேகம் பிடித்தது. 2021 நவம்பரில் நடந்த மலாக்கா தேர்தலில் 18 வயதுப் பிள்ளைகள் ஓட்டுப் போடவில்லை. 2022 மார்ச்சில் ஜொகூரில் போட்டார்கள். அரசியலமைப்பை மாற்றுவது ஒரு வேலை, மற்ற சட்டங்களை அதன் பின்னால் இழுத்து வருவது தனி வேலை. தாமதம் எப்போதும் இரண்டாவதில்தான்.

1957லும் இதே கதைதான் என்று 162ஆம் ஷரத்தில் தெரியும். மெர்டேக்காவன்று, அதாவது சுதந்திர நாளன்று, பிரிட்டிஷ் காலத்துச் சட்டங்களை ஒரே நாளில் தூக்கிப் போட முடியுமா? அவை தொடரும் என்று எழுதி, ஒத்துவராத இடங்களை உத்தரவு போட்டுச் சரிசெய்ய மாமன்னருக்கு இரண்டு வருடம் கொடுத்தார்கள். அதிலும் தப்பியதை, வழக்கு வரும்போது நீதிமன்றமே தேவையான மாற்றத்தோடு வாசித்துக்கொள்ளலாம். மெர்டேக்காவுக்குப் பின் இயற்றிய சட்டத்துக்கு இந்தச் சலுகை இல்லை. முரண்பட்டால், முரண்பட்ட அளவுக்கு அது செல்லாது என்கிறது 4ஆம் ஷரத்து. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்லி ஓரத்தில் ஒரு குறிப்பு போட்டிருக்கிறார்களே, அதைப் போட்டவருக்கு ஒரு கும்பிடு.

பினாங்குக்காரர்களுக்கு, சங்கம் சேரும் உரிமையைச் சொல்லும் 10ஆம் ஷரத்தின் கீழே விருந்து. நம் மாநிலம் கட்சித் தாவலுக்கு 2012லேயே தடை கொண்டு வந்தது. கிளந்தானின் இதே மாதிரித் தடையைச் செல்லாது என்று 1992இல் சொன்ன தீர்ப்பைக் காட்டி, பினாங்கின் தடையும் செல்லாது என்று வாதாடினார்கள். 2022 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் செல்லும் என்று சொல்லிவிட்டது. அதற்குச் சில நாள் முன்னால்தான் மக்களவை தன்னுடைய தடைச் சட்டத்தை 209 ஓட்டில் நிறைவேற்றியிருந்தது. இரண்டும் ஒன்றல்ல. பினாங்கின் 2012 விதிப்படி, கட்சி ஒருவரை நீக்கினாலும் தொகுதி போய்விடும். கூட்டரசு விதிப்படி, நீக்கப்பட்டவர் தொகுதியை இழப்பதில்லை. மேலே அப்படி மாறியதும், மாநில அரசியலமைப்புகளையும் அதற்கு இசைவாகத் திருத்தும் வேலை வந்தது. இவ்வளவையும் அரைப் பக்கத்தில் அடக்கியிருக்கிறார்கள்.

இனி குறை. குடியுரிமைத் திருத்தத்தை 2024 அக்டோபர் 17ஆம் தேதி மக்களவை 206 ஓட்டில் ஏற்றது. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு, அப்பா மலேசியராக இருந்தால் மட்டும் கிடைத்துவந்த உரிமை அம்மா வழியிலும் கிடைக்க வழி செய்தது. பாலினப் பாகுபாடு கூடாது என்று 8ஆம் ஷரத்தில் 2001லேயே சேர்த்தாகிவிட்டது. அதற்கு இது இசைய இத்தனை வருடம்! அதே மசோதா, நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்குத் தானாகக் கிடைத்ததை எடுத்தும் விட்டது. சிவப்பு ஐசி வைத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு இது வலிக்கிற இடம். புத்தகம் இதைக் கண்டுகொள்ளவே இல்லை.

அதைவிட மோசம், புது வாசகத்தை உள்ளே போட்டவர்கள், கெஜட்டில் அறிவிக்கும் தேதியில்தான் அது அமலாகும் என்பதை எழுதவில்லை. விவாதத் தேதி இருக்கிறது, பக்கத்தில் வெற்றிடம். தாய்லாந்தின் ஹாட்யாயில் பிறந்த ஆறு வயதுப் பையனின் அம்மா, இந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து வந்து, "அக்கா, புத்தகத்துலயே போட்டிருக்கான், இன்னைக்கே எழுதிடலாம்" என்றாள். பழைய பிறப்புகளுக்கு இது பின்னோக்கிப் போகாது என்று உள்துறை அமைச்சர் சொன்னதை அவளுக்கு எடுத்துச் சொல்லி, பழைய வழியிலேயே விண்ணப்பம் எழுதினோம். கோபம் அவளுக்கு என் மேல். எனக்குப் பதிப்பகத்தின் மேல். மற்ற எல்லாப் பக்கத்திலும் இருக்கிற ஒரு வரி, அவசியமான பக்கத்தில் மட்டும் எப்படி விட்டுப்போகும்?

காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய பதிப்பு தேடலாம். 2010ஆம் ஆண்டுப் பிரதி ஒன்று கிடைத்தது. எட்டு வெள்ளி சொன்னார் கடைக்காரர். "பழசாச்சே பாய்" என்றேன். "சட்டம் என்னக்கா, மீனா? கெட்டா போவும்?" என்று சிரித்தார். ஐந்துக்கு முடிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு உதவுகிறது. அதை மட்டும் நம்பி யாருக்கும் பாரம் எழுதாதீர்கள், அதில் ஓட்டுரிமை வயது இன்னும் 21.

புத்தகத்துக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. வாங்கினால் ஹைலைட்டர் போடாதீர்கள், மறுபக்கம் வரை ஊறுகிறது.