ஹட்டனில் தொடங்கி ஹட்டனில் முடியும் ஒருநாள் சைக்கிள் சுற்று: வாடகைச் சேவை ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் சைக்கிள்களை வாடகைக்குக் கொடுத்து, வேண்டுவோருடன் வழிகாட்டி ஒருவரையும் அனுப்பிவைக்கும் சிறிய சேவை ஒன்று இயங்குகிறது. கடந்த பெப்ரவரி மாதம் ஒரு புதன்கிழமை, நானும் என் அக்காவின் மகனும் அவர்களுடைய ஒருநாள் சுற்றில் சென்றுவந்தோம். ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாக மஸ்கெலியாவை அடைந்து, மவுசாகலை அணைக்கட்டைக் கடந்து நோட்டன் பிரிட்ஜுக்கு இறங்கி, பின்னர் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரைக்கு ஏறி மீண்டும் ஹட்டனுக்கு வந்து சேர்வதே அந்தச் சுற்று. காலை ஆறரைக்குப் புறப்பட்ட நாங்கள் மாலை ஐந்து மணி கடந்துதான் திரும்பினோம்.

முதலில் சைக்கிளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பாதையில் மற்ற எல்லாம் அதைச் சார்ந்தே இருக்கின்றன. எனக்குத் தரப்பட்டது அகலமான டயரும் டிஸ்க் பிரேக்கும் கொண்ட மலைச் சைக்கிள். முன்னால் 32 பற்கள் உள்ள ஒரே சக்கரம். பின்னால் உள்ளவற்றில் மிகப் பெரியது 46 பற்கள் கொண்டது. மிக இலகுவான கியரில் பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாலும் பின்சக்கரம் முக்கால் சுற்றுக்கும் குறைவாகவே உருளும். சமதரையில் இப்படியொரு கியருக்கு வேலையே இல்லை. மலையகத்து ஏற்றங்களில் அது இல்லாதவர் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். நகரங்களில் பலர் வாடகைக்கு விடும் சைக்கிள்களில் இந்த அளவு இலகுவான கியரை நான் கண்டதில்லை. வழியை அறிந்த ஒருவரே இதைத் தெரிந்து வாங்கியிருக்க வேண்டும். சீட்டின் உயரத்தை எங்கள் கால்களுக்கேற்ப அளந்து சரிசெய்தார்கள். தலைக்கவசமும் சுத்தமாக இருந்தது.

குறை இருந்தது அவர்கள் கையில் கொடுத்த வழித்தாளில். அதில் தூரங்களும் ஊர்ப் பெயர்களும் உள்ளன, ஏற்றம் எவ்வளவு என்பது ஓரிடத்திலும் இல்லை. மேலே "நீர்த்தேக்கக் கரையோரச் சுற்று" என்று எழுதியிருப்பதைப் பார்ப்பவர், கரையோரம் என்றால் தட்டையாக இருக்கும் என்று எண்ணிக் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு வந்துவிடக்கூடும். உண்மை நிலை வேறு. இங்குள்ள நீர்த்தேக்கங்கள் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டவை. கெஹெல்கமு ஓயாவை மறித்து காசல்ரீ, மஸ்கெலி ஓயாவை மறித்து மவுசாகலை என இரண்டும் 1960களில் எழுந்தன. மேலே தேக்கிய நீரைக் குழாய்களில் இறக்கிக் கீழே சுழலிகளைச் சுற்றவைப்பதால், அணைக்கும் மின்நிலையத்துக்கும் இடையிலான உயரமே இத்திட்டங்களின் உயிர்நாடி. எங்கள் வழிகாட்டி, டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த இருபத்தைந்து வயதுத் தம்பி, நோர்வூட்டில் தேத்தண்ணீர் குடிக்கும்போதே அதைச் சொல்லிவிட்டார்: "அண்ணே, கரண்டுக்காகத் தண்ணி எவ்வளவு தூரம் கீழ விழுதோ, அவ்வளவையும் நாம ஏறித்தான் ஆகணும்." வழித்தாளில் அச்சிட வேண்டிய வரி அதுதான்.

நோர்வூட் வரையான காலைப் பகுதி இதமானது. பெரட்டு (தோட்டத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் கூடுகை) முடிந்து கொழுந்து பறிக்க மலைக்குச் செல்லும் பெண்கள் கூடையோடு சாலையோரமாக நடந்துகொண்டிருந்தார்கள். வலப்புறத்தில் காசல்ரீயின் ஒரு கிளை, பனிமூட்டம் கலையாமல், தேயிலைச் சரிவுகளுக்கிடையே தெரிந்தது. நோர்வூட்டைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. ஏறி முடித்து மஸ்கெலியாப் பக்கம் திரும்பும்போது சிவனொளிபாத மலையின் கூம்பு எதிரே எழுந்து நிற்கும். 2,243 மீற்றர் உயரமுள்ள அந்தச் சிகரத்தை நீர்ப்பரப்புக்கு மேலே காணும் அந்த இடத்தில் வழிகாட்டி எங்களை அவசரப்படுத்தாமல் இருபது நிமிடம் நிற்க விட்டார்.

மவுசாகலையின் அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. அணை கட்டப்பட்டபோது கடைத்தெருவும் வழிபாட்டிடங்களும் நீருக்குள் போயின. கடும் வரட்சியில் நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில் பழைய கோயிலின் கட்டடம் வெளியே தெரியும். நாங்கள் சென்ற நாளில் கரையோரச் செம்மண் மட்டும் அகலமாக வெளிப்பட்டிருந்தது. என் பாட்டி அந்தப் பழைய நகரத்துச் சந்தைக்கு நடந்து போய்வந்ததைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆகவே அங்கே நின்று நீரைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு வெறும் காட்சியாக இருக்கவில்லை. வழிகாட்டியும் அந்த இடத்தைப் புகைப்படத்துக்குரிய நிறுத்தமாக நடத்தாமல், எந்தத் திசையில் கடைவீதி இருந்ததென்று பெரியவர்கள் சொல்லக் கேட்டதை நிதானமாகக் காட்டினார். கட்டணத்தில் ஒரு பகுதியை அதற்காக மட்டுமே மனமுவந்து கொடுக்கலாம்.

மதிய உணவு கட்டணத்தில் அடங்கும். வாழையிலையில் கட்டிய தடித்த கோதுமை ரொட்டி, தேங்காய்ச் சம்பல், பருப்பு. குறை சொல்ல ஒன்றுமில்லை.

மவுசாகலைக்கு அப்பால் ஏற்றமும் இறக்கமுமாகச் செல்லும் சாலை, முடிவில் நோட்டனை நோக்கி நீளமாக இறங்குகிறது. இங்கேதான் எனக்கு அச்சம் ஏற்பட்டது. மூன்றாவது முடக்கில் பின்பிரேக்கை அழுத்தியபோது இரும்போடு இரும்பு உரசும் கூர்மையான ஓசை கேட்டது. அடுத்த முடக்கில் பிடி பாதியாகக் குறைந்துவிட்டது. முன்பிரேக்கைக் கொண்டு மெதுவாக நிறுத்தினேன். வழிகாட்டி சக்கரத்தைக் கழற்றி பிரேக் கட்டைகளை வெளியே எடுத்துக் காட்டினார்: உரசும் பகுதி முழுவதுமாகத் தேய்ந்து, அதைத் தாங்கும் தகடு மட்டும் வெள்ளியாய் மினுங்கியது. அவருடைய பையில் புதிய கட்டைகள் இருந்தன. ஒரு மதகின் மேல் அமர்ந்து பதினைந்து நிமிடத்தில் மாற்றிவிட்டார். அவருடைய திறமையைப் பாராட்டுகிறேன். ஆயினும் கட்டையின் தடிப்பைக் கடையிலேயே ஒரு பார்வையில் கண்டிருக்கலாம். ஏற்றத்தில் கியர் கெட்டால் தள்ளிக்கொண்டு போகலாம். இறக்கத்தில் பிரேக் கெட்டால் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். இது சிறிய கவனக்குறைவு என்று விட்டுவிடக்கூடியதன்று.

நோட்டனில் சிறிது நேரம் நின்றோம். 1974 டிசம்பர் 4ஆம் திகதி, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த விமானம் அருகிலுள்ள ஏழு கன்னியர் மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் இறந்தார்கள். அந்த விமானத்தின் டயர் ஒன்று இவ்வூரில் நினைவாக வைக்கப்பட்டுள்ளது. விமலசுரேந்திர மின்நிலையமும் இங்கேதான் இருக்கிறது. இலங்கையில் நீர்மின்சாரத்தின் சாத்தியத்தை 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்த பொறியியலாளரின் பெயர் அதற்கு இடப்பட்டிருக்கிறது. 50 மெகாவாற் ஆற்றலுள்ள அந்நிலையத்துக்கு நீர் வருவது காசல்ரீயிலிருந்து. அடுத்து நாங்கள் போக வேண்டிய இடமும் காசல்ரீதான்.

நீர் இருநூறு மீற்றருக்கும் மேலாக விழும் அந்த உயரத்தை மதிய வெயிலில், காலை முழுவதும் உழைத்த கால்களோடு, வளைந்து வளைந்து ஏறுவதே இச்சுற்றின் உண்மையான சோதனை. மருமகன் இரண்டு முறை இறங்கித் தள்ளினான். நான் இறங்கவில்லை, ஆனால் நடக்கும் வேகத்தைவிட அதிக வேகத்தில் சென்றதாகச் சொல்ல முடியாது. பாதி வழியில் பாறையிலிருந்து நீர் வழியும் பீலி ஒன்றில், தோட்டத்துச் சிறுவர்கள் குளித்துக்கொண்டிருந்தவர்கள், எங்களுக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார்கள். தலையை நீட்டியபோது உச்சந்தலையில் விழுந்த அந்தக் குளிர்ந்த நீர் மீதி ஏற்றத்துக்குப் போதுமாயிருந்தது. காசல்ரீ அணைக்கட்டின் அருகே வந்து மாலை வெளிச்சத்தில் நீரைக் கண்டபோது, இதே வழியை மறுதிசையில் சுற்றினால் இந்தக் காட்சி காலையிலேயே முடிந்து போயிருக்கும் என்று தோன்றியது. திசையைச் சரியாகத் தேர்ந்திருக்கிறார்கள்.

இருவருக்கும் சைக்கிள், வழிகாட்டி, உணவு எல்லாம் சேர்த்து 17,000 ரூபாய் கொடுத்தோம். பிரேக் விடயத்தைத் தவிர்த்துப் பார்த்தால் அது நியாயமான தொகை. வாரம் ஐந்து முறையேனும் சைக்கிள் மிதிப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பழக்கமில்லாதவர்கள் நோர்வூட் வரை சென்று திரும்பும் அரைநாள் சுற்றைக் கேட்டுப் பெறுவது நல்லது. டிசம்பர் முதல் மே வரையான சிவனொளிபாத யாத்திரைக் காலத்தில் சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி) நாட்களைத் தவிருங்கள். மஸ்கெலியாச் சாலையில் யாத்திரிகர்களின் பஸ்கள் இடைவிடாமல் ஓடும். மே மாதத்துக்குப் பின் தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் இந்த இறக்கங்களில் சைக்கிளே வேண்டாம்.

சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தபோது தேய்ந்த கட்டைகளைக் கடை உரிமையாளரின் மேசையில் வைத்தேன். அவர் சாக்குச் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டு, ஆயிரம் ரூபாயைத் திருப்பித் தந்தார்; அந்தச் சைக்கிளின் இலக்கத்தை ஒரு பயிற்சிப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். வழித்தாளில் ஒவ்வொரு ஏற்றத்தின் உயரத்தையும் சேர்க்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். மார்ச் மாத நடுப்பகுதியில், நீர் இன்னும் வடிந்திருக்கும்போது, மறுபடியும் அதே சுற்றுக்கு முன்பதிவு செய்திருக்கிறோம். புறப்படுமுன் பிரேக் கட்டைகளை நானே கழற்றிப் பார்ப்பேன் என்று சொன்னதற்கு அவர் சம்மதித்திருக்கிறார்.