ஆர்ஜி-58, ஆர்ஜி-213, எல்எம்ஆர்-400: ஆண்டெனாவுக்கு எந்த கேபிள்?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரேடியோவுக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவே சிக்னல் கொண்டுபோகிற இந்த மூன்று கோஆக்சியல் கேபிள்களும் (நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் பிளாஸ்டிக், அதன் மேல் உலோகப் பின்னல்) நல்லவைதான். ஆனால் 435 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிற ஆண்டெனாவுக்கு 20 மீட்டர் ஆர்ஜி-58 இழுத்தால், ரேடியோ தள்ளுகிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்குகூட மேலே போய்ச் சேராது, மீதியெல்லாம் கேபிளுக்குள்ளேயே சூடாகிக் கரைந்துவிடும். அதே கேபிள், அதே நீளம், 7 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு டெசிபெல்கூட (இழப்பை அளக்கும் அலகு) இழப்பு வராது. அதனால் பொத்தாம்பொதுவாக எந்த கேபிள் நல்லது என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விதான்: என்ன அதிர்வெண், எத்தனை மீட்டர்?

உயர் அதிர்வெண் மின்னோட்டம் கம்பியின் முழுத் தடிமனிலும் ஓடுவதில்லை, மேல்தோலில் மட்டும் ஓடும். 100 மெகாஹெர்ட்ஸில் செம்பில் அந்தத் தோலின் ஆழம் ஏழு மைக்ரான்கூட இல்லை. அதிர்வெண் ஏற ஏற அது இன்னும் மெலியும், தடை கூடும். அதிர்வெண் நான்கு மடங்கானால் இழப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. நடுவில் இருக்கிற பிளாஸ்டிக்கும் மேலே போகப் போக தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

தரவுத்தாளில் 100 மீட்டருக்கு எத்தனை டெசிபெல் இழப்பு என்று போட்டிருப்பார்கள், பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான். 145 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-58 சுமார் 20, ஆர்ஜி-213 சுமார் 9, எல்எம்ஆர்-400 சுமார் 5. நம் கேபிள் 20 மீட்டர் என்றால் ஐந்தால் வகுத்துக்கொள்ளலாம்: 4, 1.8, 1. மூன்று டெசிபெல் போனால் பாதி சக்தி போச்சு என்று வைத்துக்கொண்டால் மீதிக் கணக்கு தானாக வரும். 435-இல் ஆர்ஜி-213 பாதிக்கும் சற்றுக் குறைவாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும், எல்எம்ஆர்-400 மூன்றில் இரண்டு பங்கைச் சேர்க்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு 20 மீட்டர் என்றால் எல்எம்ஆர்-400-ஏ மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் தரும், அங்கே கேபிளை நீட்டுவதைவிட ரேடியோவையே ஆண்டெனா பக்கத்தில் கொண்டுபோய் வைப்பது புத்திசாலித்தனம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, பலர் மாட்டிக்கொள்கிற இடமும் அதுதான். ஆண்டெனாவிலிருந்து திரும்பி வருகிற அலையை வைத்துப் பொருத்தம் எப்படி என்று சொல்வது எஸ்டபிள்யூஆர் மீட்டர், 1 என்றால் கச்சிதம். கேபிள் எவ்வளவு மோசமோ அவ்வளவு அழகாக அது காட்டும்! ஆண்டெனாவில் பட்டுத் திரும்புகிற அலையும் அதே கேபிள் வழியாகத்தானே இறங்கி வர வேண்டும், வழியிலேயே அது தேய்ந்துவிடும். மேலே சொன்ன அந்த 20 மீட்டர் ஆர்ஜி-58-இல், 435 மெகாஹெர்ட்ஸில், ஆண்டெனாவையே கழற்றிவிட்டு முனையைத் திறந்து வைத்தால்கூட கீழே மீட்டர் 1.4 என்று காட்டும். ஆண்டெனாவே இல்லாத கேபிளுக்கு 1.4! இதைப் பார்த்துவிட்டு ஆண்டெனா பிரமாதம் என்று யாராவது சொன்னால் என்ன செய்வது?

சரி, கையில் எடுத்துப் பார்த்தால் எப்படி இருக்கின்றன? ஆர்ஜி-58 ஐந்து மில்லிமீட்டர் தடிமன், சொன்னபடி வளையும், மேசைக்குள்ளும் வண்டிக்குள்ளும் இதை அடிக்க ஆள் இல்லை. ஆர்ஜி என்பது பழைய ராணுவப் பெயரிடல், இன்று அதை யார் வேண்டுமானாலும் உறையில் அச்சடித்துக்கொள்ளலாம், ஆகவே பெயரை நம்பாமல் உறையை விரல் நீளம் உரித்துப் பாருங்கள். பின்னல் நெருக்கமாக இருந்தால் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் கண்ணில் படுவதே அரிது. கொசுவலை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தால் சிக்னல் கசியும், வெளி இரைச்சலும் உள்ளே வரும், அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஆர்ஜி-213 பத்து மில்லிமீட்டருக்குச் சற்று மேல், கனம், ஆனால் முரடு. நடுவில் ஏழு புரிச் செம்புக் கம்பி, சுற்றிலும் கெட்டியான பாலிஎத்திலீன். ஆண்டெனாவைத் திருப்புகிற மோட்டாரான ரொட்டேட்டரோடு சேர்ந்து திரும்பித் திரும்பி வளைய வேண்டிய இடத்தில் இதைத்தான் நம்புவேன்.

எல்எம்ஆர்-400-உம் கிட்டத்தட்ட அதே தடிமன்தான், உள்ளே கட்டுமானம் வேறு. கெட்டிப் பிளாஸ்டிக்குக்குப் பதில் நுரை, அதன் மேல் அலுமினியத் தாள், அதற்கு மேல் பின்னல். நடுக்கம்பி செம்பு பூசிய ஒற்றை அலுமினியக் கம்பி. சுரண்டிப் பார்த்து வெள்ளையாகத் தெரிந்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்துகிறவர்கள் உண்டு. மின்னோட்டம் தோலில்தான் ஓடுகிறது என்னும்போது உள்ளே அலுமினியம் இருந்தால் என்ன கெட்டுப்போகிறது? குறை வேறு இடத்தில். அடிக்கடி வளைத்தால் இதற்குப் பிடிக்காது, நுரை நசுங்கினால் அந்த இடத்தில் இம்பீடன்ஸ் (சிக்னலுக்குக் கேபிள் காட்டும் எதிர்ப்பு, ஓமில் சொல்வது) மாறிவிடும், சாலிடர் வைக்கும்போது சூடு அதிகமானால் நுரை இளகி நடுக்கம்பி ஒரு பக்கமாக நகரும். வளையும் ரகம் தனியாக விற்கிறார்கள், கொஞ்சம் இழப்பு கூட. பெயரில் 400 மட்டும் போட்டுக்கொண்டு வருகிற சாயல் கேபிள்களும் நிறைய, தரவுத்தாள் இல்லாவிட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

50 ஓமா 75 ஓமா என்ற சண்டைக்கு வருவோம். ஒலிபரப்புவதானால் ரேடியோ கேட்பது 50, பேசாமல் 50 போடுங்கள். கேட்க மட்டும் என்றால் கணக்கு வேறு. விமானங்களின் 1090 மெகாஹெர்ட்ஸ் சிக்னலை எஸ்டிஆரில் (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) பிடிக்க நினைப்பவருக்கு 75 ஓம் டிவி கேபிளான ஆர்ஜி-6 தாராளமாகப் போதும். பொருந்தாமையால் ஓர் இணைப்பில் போவது 0.2 டெசிபெல்லுக்கும் கீழே. பத்து மீட்டரில் ஆர்ஜி-6 சுமார் 2 டெசிபெல் தின்றால், 50 ஓம் என்று பெருமையாகப் போட்ட ஆர்ஜி-58 ஆறுக்கு மேல் தின்னும். அப்புறம் எது பொருத்தம்?

கனெக்டரில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பிஎல்-259 குறைந்த அதிர்வெண்களுக்குச் சரி, 435-க்கு 'N' டைப் கனெக்டர் தவிர வேறெதுவும் வேண்டாம். 'N' டைப்பில் ரப்பர் வளையம் இருக்கும், பிஎல்-259-இல் தண்ணீரைத் தடுக்க எதுவுமில்லை. தண்ணீர் உள்ளே போனால் பின்னல் அதைத் திரி மாதிரி உறிஞ்சிக்கொண்டு மீட்டர் கணக்கில் கறுத்துப்போகும்; கேபிள் எவ்வளவு உயர்ந்த ரகமாக இருந்தாலும் வெட்டி எறிய வேண்டியதுதான். தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்றுங்கள், கனெக்டருக்குக் கீழே கேபிளை ஒரு வளைவு தொங்கவிடுங்கள், வழிகிற மழை அங்கேயே சொட்டிவிடும். கைரேடியோக்களில் வருகிற சிறிய கனெக்டரான எஸ்எம்ஏ வாங்கும்போது, நடு ஊசியும் துளையும் இடம் மாறிய ஆர்பி-எஸ்எம்ஏ வந்துவிடாமல் நடு ஊசியைப் பார்த்து வாங்குங்கள். இரண்டும் திருகினால் ஏறும், ஆனால் நடுவில் தொடாது.

என் தேர்வு: மேலே போகிற நீளத்துக்கு எல்எம்ஆர்-400, ரேடியோ அருகே அரை மீட்டர் ஆர்ஜி-58 துண்டு, ஏனென்றால் தடிமனான கேபிளின் எடையை கைரேடியோவின் எஸ்எம்ஏ தாங்காது. 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் வேலை என்றால் ஆர்ஜி-213-உம்கூட வேண்டாம், 100 வாட் வரை நல்ல ஆர்ஜி-58 போதும். எதை வாங்கினாலும் மேலே ஏற்றுவதற்கு முன் நானோவிஎன்ஏ என்கிற சிறிய அளவுகருவி கையில் இருந்தால், ஒரு முனையில் நடுக்கம்பியையும் பின்னலையும் குறுக்கிணைத்துவிட்டு மறுமுனையில் ரிட்டர்ன் லாஸ் (போய்த் திரும்பி வருகிற சிக்னல் எத்தனை டெசிபெல் குறைந்தது என்ற எண்) பாருங்கள். வருகிற எண்ணில் பாதிதான் கேபிளின் உண்மையான இழப்பு. தரவுத்தாளோடு ஒத்துப்போகவில்லை என்றால் கனெக்டரை ஒருமுறை மாற்றிப் பாருங்கள், அப்போதும் எண் மாறவில்லை என்றால் கேபிளைத் திருப்பி அனுப்புங்கள்.